பேச்சு அறுபடாத கட்டடம்: கம்பியில்லாத் தொலைபேசிக்கு அலைப்பரப்பு அளப்பது பற்றி

ஐரோப்பிய மருத்துவமனைகள் பலவற்றில் செவிலியர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் தொலைபேசி, ஊர்க் கோபுரத்தோடு பேசுவதில்லை. அதே கட்டடத்தின் சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டியோடு பேசுகிறது. டெக்ட் என்ற இந்தக் கம்பியில்லாத் தொலைபேசி முறையை வீட்டு வரவேற்பறைக்கு உரியது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் முதியோர் இல்லம், ரசாயன ஆலை, தங்கும் விடுதி, சரக்குக் கிடங்கு எனத் தனக்கென்று ஓர் உள் தொலைபேசி வலை தேவைப்படும் இடங்களிலெல்லாம் அது இன்றும் உழைக்கிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளி அழுத்தும் மணி இதில்தான் வந்து ஒலிக்கிறது. ஆளில்லாத இடத்தில் தனியாக வேலை செய்பவர் மயங்கி விழுந்தால், அவர் இடுப்பிலுள்ள கருவி இதன் வழியாகத்தான் உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது.

இந்தப் பெட்டிகளை, தொழிலில் இருப்பவர்கள் ‘பேஸ்’ என்று சொல்பவற்றை, ஒரு கட்டடத்தில் எத்தனை மாட்டுவது, எங்கெங்கே மாட்டுவது? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு இரண்டு விதமாக விடை தேடி வந்திருக்கிறார்கள். ஒரு சாரார் வரைபடத்தை விரித்துக் கணக்குப் போடுகிறார்கள். இன்னொரு சாரார் ஒரு பேஸை முக்காலியில் நிறுத்தி, கைக்கருவியோடு அறை அறையாக நடக்கிறார்கள். இரண்டுக்கும் தக்க காரணங்கள் உண்டு. ஆனால் இரண்டும் சமமானவை அல்ல என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. நடப்பவர்களும் பெரும்பாலும் அளக்க வேண்டியதில் பாதியைத்தான் அளக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் கருவியைப் பற்றி. டெக்ட் தரத்தை ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்சி 1992-இல் வெளியிட்டது. ஐரோப்பாவில் அதற்கு 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. அதில் 10 ஊர்தி அலைகள். ஒவ்வொன்றிலும் 10 மில்லிவினாடிக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றில் 24 நேரத் துண்டுகள், போக 12, வர 12. ஆக மொத்தம் 120 பேச்சு வழிகள். எந்த வழியில் பேசுவது என்பதைக் கைக்கருவியே அந்தந்த நேரத்தில் சுற்றுமுற்றும் கேட்டுப் பார்த்துத் தேர்ந்துகொள்கிறது. அதனால் எந்த பேஸுக்கு எந்த அலை என்று பங்கிட்டுக் கொடுக்கும் தலைவலி அளப்பவருக்கு இல்லை. வைஃபை வலை அமைப்பவர்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள். அந்த அலைவரிசை வருவோர் போவோரின் மடிக்கணினிகளோடு பங்கு போட வேண்டியதாகவும் இல்லை. ஆகவே வேலை முழுவதும் இடம் பார்ப்பதில் வந்து நிற்கிறது.

கணக்கு எளிதாகத்தான் தொடங்குகிறது. பேஸின் உச்ச ஆற்றல் 250 மில்லிவாட். ஒரு மில்லிவாட்டைச் சுழியமாகக் கொண்ட டெசிபல் அளவுகோலில் 24 டிபிஎம். இந்த அலைவரிசையில் அலை முதல் ஒரு மீட்டரைக் கடக்கவே 38 டெசிபல் இழக்கிறது. அதன்பின் தூரம் பத்து மடங்காகும்போதெல்லாம் இன்னும் 20 டெசிபல் போகிறது. எனவே தடையில்லாத வெளியில் 20 மீட்டர் தள்ளி ஏறத்தாழ −40 டிபிஎம் கிடைக்க வேண்டும். கைக்கருவி குறைந்தது −83 டிபிஎம் வரை கேட்க வேண்டும் என்பது தரத்தின் விதி. நல்ல கருவிகள் அதற்குக் கீழும் கேட்கும். தாளில் பார்த்தால் இடைவெளி தாராளம். விற்பனைக் கையேடுகளில் திறந்தவெளியில் 300 மீட்டர், கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்று வழக்கமாகக் காணும் எண்கள் இந்தத் தாராளத்திலிருந்தே வருகின்றன.

சுவர் வந்ததும் தாராளம் கரைகிறது. பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வாளர்களான மோட்லியும் கீனனும் 1988-இலும் 1990-இலும் வெளியிட்ட ஆய்வுகளில் 900, 1700 மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் கட்டடத்துக்குள் அனுப்பி அளந்து, குறுக்கே வரும் தளங்களையும் சுவர்களையும் எண்ணிக் கழிக்கும் முறை ஒன்றைத் தந்தார்கள். பின்னர் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்திய காஸ்ட் 231 ஆய்வுத் திட்டம் அதைச் செப்பனிட்டது. அதன்படி 1800 மெகாஹெர்ட்ஸ் அளவில் மெல்லிய தடுப்புச் சுவருக்கு 3.4 டெசிபல், கனத்த சுவருக்கு 6.9, ஒரு தளத்துக்கு 18.3. நம் 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கனத்த சுவரும் இரண்டு மெல்லிய தடுப்பும் இருந்தால் −40 என்பது −61 அருகே வந்துவிடும். பேச்சு நன்றாகவே நடக்கும். அதே தொலைவில், அதே சுவர்களோடு, ஆள் ஒரு மாடி கீழே நின்றால் −79. கருவி எல்லையின் விளிம்பில் தொங்குகிறது. ஒரே ஒரு தளம் செய்யும் வேலை இது. பேஸை ஒரு மாடியில் மாட்டிவிட்டு மேலும் கீழும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு கழித்தலைப் போட்டுப் பார்த்தால் போதும்.

காஸ்ட் 231 முறையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு நுட்பம். தளங்கள் கூடக்கூட இழப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. இரண்டு தளத்துக்கு 36.6 வர வேண்டிய இடத்தில் சுமார் 33.5 மட்டுமே, மூன்றுக்கு 55 வர வேண்டியதில் சுமார் 44. காரணம், அலை கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு மட்டும் போவதில்லை. சன்னல் வழியே வெளியேறி, எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி, வேறு மாடியின் சன்னல் வழியே நுழைகிறது. படிக்கட்டுக் கூண்டில் வழிந்து இறங்குகிறது. அதாவது அந்தக் கட்டடத்தின் அலைக்கணக்கில் எதிர்க் கட்டடமும் சேர்ந்திருக்கிறது. எந்த வரைபடத்தில் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள்?

கணக்குக் கட்சியின் பலவீனம் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் சைடலும் ராப்பபோர்ட்டும் 914 மெகாஹெர்ட்ஸில் செய்து 1992-இல் வெளியிட்ட அளவீடுகளில் இரண்டு அலுவலகக் கட்டடங்கள் வருகின்றன. இரண்டு தளங்களைக் கடக்க ஒன்றில் 18.7 டெசிபல் இழப்பு, மற்றதில் 27.5. பெயர்ப்பலகை ஒன்றுதான், அலுவலகக் கட்டடம். வேறுபாடோ ஆற்றலில் ஏழரை மடங்கு. ஆகவே 18.3 என்பதும் 6.9 என்பதும் பல கட்டடங்களின் சராசரி. நம் முன் நிற்கும் கட்டடம் சராசரியாக இருக்க எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த முறைகளை உருவாக்கியவர்கள் அனைவரும் நடந்து அளந்துதான் உருவாக்கினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வரைபடம் சொல்லாதவற்றுக்கு அளவே இல்லை. வெப்பம் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி, பார்வைக்கு வெறும் சன்னல். அலைக்கு அது ஒரு உலோகத் தகடு போலத்தான். எக்ஸ்ரே அறையின் சுவருக்குள் ஈயம் இருக்கிறது. தீத்தடுப்புக் கதவு திறந்திருக்கும்போது ஒரு கட்டடம், மூடியபின் வேறொரு கட்டடம். பொய்க்கூரையின் பலகை உலோகமானால், அழகு கெடக் கூடாது என்று அதற்கு மேலே மறைத்து வைத்த பேஸ் தன் அலையில் பெரும்பகுதியைக் கூரைக்கே கொடுத்துவிடும். மின்தூக்கிப் பெட்டி நான்கு பக்கமும் எஃகு. கிடங்கிலோ அலமாரிகள் காலியாக இருக்கும் மாதத்தில் அளந்தது, தண்ணீர்ப் புட்டிகளும் தகரப் பெட்டிகளும் வந்து நிறைந்தபின் செல்லாது. இன்றைய கணினி மென்பொருள்கள் சுவர் சுவராகப் பொருள் குறித்துக் கொடுத்தால் அழகான வண்ணப் படம் வரைந்து தருகின்றன. ஆனால் எந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குச் சொல்ல வேண்டியவர் நாம்தான். தெரியாததை ஊகித்துச் சொன்னால் அந்த ஊகமே வண்ணம் பூசிக்கொண்டு திரும்பி வரும். எனக்கு அந்தப் படங்கள் மேல் வெறுப்பில்லை. எங்கே அளக்கத் தொடங்குவது, ஏறக்குறைய எத்தனை பேஸ் வாங்க வேண்டியிருக்கும் என்பதற்கு அவை போதும். மாட்டும் இடத்தை முடிவு செய்ய அவை போதாது.

சரி, நடப்பது எப்படி? வழக்கமான முறை, நடுக்கூடத்தில் ஒரு பேஸை நிறுத்தி வெளிநோக்கி நடந்து, அளவு −70 டிபிஎம்முக்கு இறங்கும் இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்து இணைப்பது. இந்த −70 தொழிலில் பரவலாகப் பின்பற்றும் எல்லை. கருவிக்கு −83 போதும் என்றால் இடையில் 13 டெசிபல் எதற்கு? அலையின் நீளம் 16 சென்டிமீட்டர். பல திசையில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால், கருவியை ஒரு சாண் நகர்த்தினாலே அளவு திடீரென்று சரியக்கூடும். பேசுபவர் திரும்பி நின்று தம் உடம்பையே குறுக்கே வைத்தால் இன்னும் கொஞ்சம் போகும். யாரோ ஒரு கதவைச் சாத்துவார்கள். அந்த 13 டெசிபல் இவற்றுக்கெல்லாம் வைத்த கையிருப்பு. அதனால் அளக்கும்போது கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதோ, அசையாமல் நின்று கிடைத்த நல்ல எண்ணை எழுதிக்கொள்வதோ கையிருப்பிலிருந்து திருடுவதற்குச் சமம். காதோடு வைத்து, இயல்பாக நடந்து, இரு திசையும் திரும்பி, வழியில் வந்த எண்களில் தாழ்ந்ததை எழுத வேண்டும்.

நடுவிலிருந்து தொடங்குவதைவிட ஓரத்திலிருந்து தொடங்குவது சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். அலை போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. ஆகவே கட்டடத்தின் மிக மோசமான மூலையில், அது நிலவறைப் பிணவறையானாலும் கதிரியக்கப் பிரிவின் உள்ளறையானாலும், பேஸை முதலில் வைத்துவிட்டு உள்நோக்கி நடக்க வேண்டும். எந்த இடத்தில் −70 வருகிறதோ, அதற்கு அப்பால் போகாமல் அங்கே பேஸை மாட்டினால் அந்த மூலைக்குப் பேச்சு போய்ச் சேரும். நடுவிலிருந்து தொடங்குபவர்கள் கடைசியில் மூலைகளுக்கு வந்து சேரும்போது கையில் பேஸ் தீர்ந்திருக்கும், பணம் தீர்ந்திருக்கும். அப்போது ‘அங்கே யார் போகப் போகிறார்கள்’ என்ற பேச்சு எழும். போகிறவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போகிறார்கள். உதவிக்குக் கூப்பிட வேண்டியவர்களில் முதன்மையானவர்கள் அவர்கள்தாம்.

இதுவரை சொன்னது அலையின் வலிமை. அளப்பவர்களில் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். பெரிய தகரக் கூரைத் தொழிற்சாலையில் நின்று பாருங்கள். கருவி −55 காட்டுகிறது, குரலோ உடைந்து உடைந்து வருகிறது. டெக்ட் வினாடிக்கு 11,52,000 பிட் வேகத்தில் அனுப்புகிறது. ஒரு பிட்டின் ஆயுள் சுமார் 870 நானோவினாடி. அலை நேரே வந்து சேர்ந்தபின், தூரத்துச் சுவரில் பட்டுச் சுற்றி வந்த அதன் எதிரொலி 30, 60 மீட்டர் கூடுதலாக நடந்து 100, 200 நானோவினாடி பிந்தி வருகிறது. இரண்டும் ஒரே வலிமையோடு இருந்தால் ஒரு பிட்டின் வாலும் அடுத்த பிட்டின் தலையும் கலந்துவிடும். கைபேசிகளில் இந்தக் கலப்பைப் பிரித்தெடுக்கும் சமன்படுத்தி உண்டு. மலிவும் எளிமையும் கருதிய டெக்டில் பொதுவாக அது கிடையாது. எனவே வலிமையோடு கூட, பழுதின்றி வந்து சேர்ந்த சுற்றுகள் எத்தனை என்ற தர அளவையும் ஒவ்வொரு இடத்திலும் எழுத வேண்டும். நல்ல அளவைக் கருவிகள் இரண்டையும் காட்டுகின்றன.

இத்தகைய கூடங்களில் ஆற்றலைக் கூட்டுவது வீண். எதிரொலியும் சேர்ந்தே கூடும். பேஸை உயரத்திலிருந்து இறக்கி, ஆட்கள் நிற்கும் இடத்துக்கு அருகே நேர்ப்பார்வையில் கொண்டுவர வேண்டும். அல்லது ஒரு பக்கமே பார்க்கும் ஆன்டெனாவைக் கொண்டு தூரத்துச் சுவருக்கு அலை போகாமல் தடுக்க வேண்டும். எண்ணிக்கை கூடும், செலவும் கூடும். −55 பார்த்து மனநிறைவோடு கிளம்பியவர்கள் ஆறு மாதம் கழித்து வந்து இதைச் செய்வதைவிட முதலிலேயே செய்வது மலிவு.

அடுத்தது, ஒரு பேஸின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லைக்கு ஆள் நடந்து போவது. டெக்டில் பழைய இணைப்பை விடுவதற்கு முன்பே கைக்கருவி புதிய இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். அதனால் காதுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதற்குச் சிறிது நேரம் வேண்டும், இரு பேஸும் சேர்ந்து கேட்கும் நிலப்பரப்பு வேண்டும். நீண்ட தாழ்வாரத்தில் இது தானாகவே கிடைக்கிறது. கான்கிரீட் படிக்கட்டுக் கூண்டில் கிடைப்பதில்லை. கனத்த கதவைத் தள்ளி உள்ளே இரண்டடி வைத்ததும் பழைய பேஸ் மறைந்துவிடுகிறது, புதியது இன்னும் தெரியவில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் ஓடும் வழி அந்தப் படிக்கட்டுதான். கூண்டுக்குள்ளேயே ஒரு பேஸ் வைப்பதற்குத் தயங்கவே கூடாது. மின்தூக்கியில் தண்டின் உள்ளே ஒரு பேஸ் வைக்கிறார்கள், அல்லது நெடுக அலை கசியும் கம்பி இழுக்கிறார்கள்.

இப்படிக் கைமாற்றம் நடக்க எல்லா பேஸ்களும் ஒரே தாளத்தில் இருந்தாக வேண்டும். ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் கை சற்றே பிந்தினால் உலக்கையும் உலக்கையும் மோதும். நேரத் துண்டுகளுக்கு நடுவே விட்டிருக்கும் காவல் இடைவெளி சுமார் 50 மைக்ரோவினாடி. இரு பேஸ்களின் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபட்டால்கூட ஐந்தே வினாடியில் அந்த இடைவெளி தீர்ந்துபோகும். அதனால் ஒவ்வொரு பேஸும் பக்கத்து பேஸைக் காற்றில் கேட்டுத் தன் தாளத்தைத் திருத்திக்கொள்கிறது. அப்படியானால் பேஸுக்கும் ஆளுக்கும் இடையே அளந்தது மட்டும் போதாது. பேஸுக்கும் பேஸுக்கும் இடையிலும் அளக்க வேண்டும், ஒன்று பழுதானால் கேட்க இன்னொரு வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கட்டடத்தின் ஒரு சிறகை முன்கூடத்து ஒற்றை பேஸ் மட்டுமே தாளத்தோடு இணைக்கிறது என்றால், அதன் மின்கம்பியைத் துப்புரவுப் பணியாளர் தெரியாமல் பிடுங்கிய நாளில் அந்தச் சிறகு முழுவதும் தடுமாறும். இப்போது சில அமைப்புகள் இந்தத் தாளத்தைக் கணினி வலையின் கம்பி வழியாகவே அனுப்புகின்றன. பேஸ்களைத் தள்ளி வைக்க அது உதவும். அந்த வலையின் சுவிட்சுகளும் நேரத்தைத் துல்லியமாகக் கடத்த வேண்டும் என்ற புதிய நிபந்தனையும் கூடவே வரும்.

கொள்ளளவை அளவீட்டில் சேர்க்காதவர்கள் உண்டு. எட்டுப் பேச்சு தாங்கும் ஒரு பேஸ், நூற்றுக்கு ஒரு அழைப்பு மட்டும் தவறலாம் என்ற வரையறையில், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங்கின் 1917-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி 3.13 எர்லாங் சுமை, அதாவது ஒரே நேரத்தில் சராசரியாக 3.13 பேச்சு, தாங்கும். ஒருவர் மணிக்கு ஒன்பது நிமிடம் பேசினால் சுமார் 20 பேர். பன்னிரண்டு பேச்சு தாங்கினால் 5.88 எர்லாங், ஏறக்குறைய 39 பேர். பணிமாற்ற வேளையில் ஒரு வார்டின் செவிலியர் அறையில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்று நின்று எண்ண வேண்டும். அலை நிறைந்த இடத்திலும் அழைப்பு கிடைக்காமல் போவதற்கு இந்த நெரிசல் காரணமாகலாம்.

ஓர் ஊரில் கற்ற கைப்பழக்கம் இன்னோர் ஊரில் அப்படியே பயன்படாது. அமெரிக்காவில் 2005-இல் இதற்கு 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டபோது, ஊர்தி அலைகள் ஐந்தாகவும் உச்ச ஆற்றல் சுமார் 100 மில்லிவாட்டாகவும் குறைந்தன. அந்த நான்கு டெசிபல் குறைவு அங்கே பேஸ்களை நெருக்கி வைக்கச் சொல்கிறது. இதற்கு நேர் எதிரான திசையில் போனது சென்னை. ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய கார்டெக்ட், இதே தரத்தை எடுத்துக் கிராமங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் கொண்டு போகத் திருத்தியது. காவல் இடைவெளி காரணமாக சுமார் 5 கிலோமீட்டரில் நிற்கும் டெக்டை, நேரத்தைச் சரிசெய்து 10 கிலோமீட்டருக்கும், இடைநிலையம் வைத்து 25 கிலோமீட்டருக்கும் நீட்டினார்கள். 2000-களின் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணையம் இப்படித்தான் போனது. அங்கே அளக்க வேண்டியது கோபுரத்துக்கும் வீட்டுக்கூரை ஆன்டெனாவுக்கும் இடையே நேர்ப்பார்வை இருக்கிறதா என்பதே. தரம் ஒன்றுதான், ஆனால் அந்த நிலம் வேறு கேள்வியைக் கேட்டது.

அளப்பது யார் என்பதும் முக்கியம். பெரும்பாலும் பேஸ் விற்பவரே அளக்கிறார். போட்டி ஏலமானால் குறைத்து எழுத ஆசை வரும். ஏலம் கையில் வந்தபின் கூட்டி எழுத ஆசை வரும். இதற்கு மருந்து, கட்டடத்துக்காரர் தம் ஆள் ஒருவரைக் கூடவே நடக்க விடுவது. அந்த ஆள் மேலாளராக இருக்க வேண்டியதில்லை. இரவுச் செவிலியரையும் மின்பணியாளரையும் பிண ஊர்தி தள்ளுபவரையும் கூப்பிட்டு ‘எந்த வழியாகப் போவீர்கள், எங்கே நின்று பேசுவீர்கள்’ என்று கேட்டால், வரைபடத்தில் இல்லாத குறுக்குவழிகளும் புகைபிடிக்கும் முற்றமும் மருந்துக் குளிர் அறையும் வெளிவரும். குளிர் அறைகளின் சுவர்கள் உலோகத் தகடு பதித்தவை. உள்ளே மாட்டிக்கொண்டவர் கூப்பிட வழி வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் நினைவூட்டப் போவதில்லை.

கடைசியாகத் தாள் வேலை. ஒவ்வொரு தளத்தின் வரைபடத்திலும் பேஸ் நின்ற இடம், உயரம், அளந்த கருவியின் மாதிரி, நாள், கதவுகள் திறந்திருந்தனவா மூடியிருந்தனவா, ஒவ்வொரு புள்ளியின் வலிமையும் தரமும் இருக்க வேண்டும். கிடங்கானால் அலமாரி எவ்வளவு நிறைந்திருந்தது என்பதும் வேண்டும். இந்தத் தாளைத் தொலைபேசிப் பிரிவின் அலமாரியில் பூட்டி வைப்பதைவிட, கட்டடத்தின் மின்சார, குழாய் வரைபடங்களோடு சேர்த்து வைப்பது நல்லது. அடுத்த முறை சன்னலுக்குப் பூச்சுக் கண்ணாடி போட வரும் ஒப்பந்தக்காரரும் புதிய ஸ்கேன் அறைக்கு ஈயத் தகடு அடிப்பவரும் முதலில் திறந்து பார்க்கும் கட்டு அதுதான். எந்த பேஸின் எல்லைக்குள் கை வைக்கிறோம் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்தால், அந்த ஒரு சிறகை மட்டும் மறுபடி நடந்து அளக்க ஆள் அனுப்பலாம்.